மாட்டுக்குப் போட்ட ஊசி

"மாடு பார்க்கறதுக்கா இத்தனை டாலர் கட்டி வந்தோம்?" என்றார் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஜீப்பில் இருந்த எல்லாரும் சிரித்தோம். தான்சானியாவில், ங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி, மலாஞ்சா என்ற பள்ளத்தாக்கு வழியாகச் செரெங்கெட்டி சமவெளியை நோக்கி இறங்குகிற மண்சாலை அது. மாடு மேய்த்து வாழும் மாசாய் இனத்தைச் சேர்ந்த, சிவப்புப் போர்வை போர்த்திய ஒரு பையன் கோலை ஆட்டியபடி மாடுகளைச் சாலைக்குக் குறுக்கே ஓட்டிக்கொண்டிருந்தான். திமில் வைத்த, கொஞ்சம் மெலிந்த, நம் ஊர்க்காரர் எவரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத மாடுகள். அவற்றுக்கு நடுவிலேயே ஏழெட்டு வரிக்குதிரைகள் கூச்சமே இல்லாமல் மேய்ந்துகொண்டிருந்தன. படம் எடுக்கலாம் என்று கேமராவைத் தூக்கியவர்கள், மாடுகள் சட்டகத்துக்குள் வந்துவிடுகின்றன என்று ஓட்டுநரிடம் சொல்லி வண்டியை இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். அவரும் நிறுத்தினார். பிறகு ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே, "இன்னும் சில வாரத்தில் இந்த மாடுகளைக் கீழே பார்க்க முடியாது. எல்லாவற்றையும் மேட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். நியும்பு வருகிறது இல்லையா" என்றார். நியும்பு என்றால் சுவாஹிலியில் வில்டபீஸ்ட், மாட்டுச் சாயல் கொண்ட ஒரு பெரிய மான் வகை. சுற்றுலாப் பயணிகளுக்காகவா என்று கேட்டேன். "இல்லை, கன்றுக்குட்டிகளுக்காக" என்றார். அதற்குள் யாரோ தூரத்தில் ஒரு சிறுத்தையைப் பார்த்துவிட்டதாகச் சொல்ல (அது ஒரு கல்), பேச்சு அறுந்துபோனது.

ஊருக்கு வந்த பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் மழையாகக் கொட்டின. சிங்கம், யானை, குடை விரித்த வேல மரம், அதற்குப் பின்னால் சூரியன். கிளிமாஞ்சாரோ மட்டும் இல்லை. அது நாங்கள் இருந்தவரை மேகத்தை விட்டு வெளியே வரவில்லை, அதைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அத்தனை படங்களிலும் ஒரு மாடுகூட இல்லை என்பதைத்தான் கவனித்தேன். வழியெல்லாம் பார்த்தோம், ஆனால் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. எங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. சுற்றுலாக் கையேடுகளில், விமானப் பத்திரிகைகளில், இயற்கைப் படங்களில் எல்லாம் இதே கத்தரிப்புதான். மனிதன் கால் படாத ஆதி நிலம் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்கிறார்கள். வங்கி மேலாளர் சாரின் கேள்வியில் தப்பே இல்லை, அவருக்கு விற்கப்பட்டது அப்படிப்பட்ட பொருள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மாடு அங்கே என்ன செய்கிறது என்று படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நான் அங்கே பார்த்துவிட்டு வந்த லட்சக்கணக்கான காட்டு விலங்குகளின் கதையே பாதிக்குமேல் மாட்டுக் கதை என்று தெரியவந்தது.

சாம்பலில் முளைத்த புல்

முதலில் ஓட்டுநர் சொன்ன கன்றுக்குட்டி விஷயம். ங்கோரோங்கோரோ மலைகளுக்கு மேற்கே, செரெங்கெட்டியின் தென்கிழக்கில், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மரமே இல்லாத குட்டைப்புல் வெளி இருக்கிறது. மரம் இல்லாததற்குக் காரணம் எரிமலைகள். ஓல் தொய்ன்யோ லெங்காய் போன்ற மலைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கக்கிய சாம்பலைக் காற்று கொண்டுவந்து இங்கே கொட்டியிருக்கிறது. லெங்காய் ஒரு விசித்திரப் பிறவி. உலகத்தில் இன்று உயிரோடு இருக்கும் எரிமலைகளில் சோடியம் கார்பனேட் குழம்பைக் கக்குவது இது ஒன்றுதான். சாதாரண எரிமலைக் குழம்பின் வெப்பத்தில் பாதிதான் இதற்கு. கறுப்பாக வழிந்து, காற்றிலிருக்கும் ஈரம் பட்டதும் சீக்கிரமே வெளுத்துப்போகும். அந்தச் சாம்பல் மண்ணுக்கடியில் இறுகிச் சுண்ணாம்புப் பாறைபோல ஒரு தட்டாகிவிட்டது. மர வேர் அதைத் துளைத்து இறங்க முடியாது. ஆனால் மேலே இருக்கும் சிறிதளவு மண்ணில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏராளம். பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதானே. அதனால்தான் பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள், மழைக்காலத்தில் வடக்கே இருக்கும் உயரமான புல்லை விட்டுவிட்டு இந்தக் குட்டைப்புல்லுக்கு இறங்கி வந்து, ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரைக்குள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கன்று ஈனுகின்றன. விழுந்த கன்று சில நிமிஷத்தில் எழுந்து நிற்கிறது, அப்புறம் ஓடுகிறது. ஒரே சமயத்தில் அத்தனை கன்றுகள் பிறந்தால் கழுதைப்புலிகள் எத்தனையைத்தான் தின்ன முடியும்?

மாசாய்களின் மாடுகளுக்கும் இதே புல்தான் வேண்டும். ஆனால் இந்தக் கன்றுகளின் மூக்கிலும் கண்ணிலும் ஒழுகும் நீரில் ஒரு வைரஸ் இருக்கிறது. வில்டபீஸ்ட்டை அது ஒன்றும் செய்யாது. மாட்டுக்குத் தொற்றினால் கண் வெளுத்து, மூக்கு அழுகி, கிட்டத்தட்ட எப்போதுமே சாவுதான். கன்றுகள் மூன்று நான்கு மாதம் வளரும்வரை அந்தப் பக்கம் மாட்டை விட முடியாது. ஆய்வுக்கூடங்கள் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1960இல். மாசாய்களுக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். கன்று ஈனும் இடத்தை ஒதுக்கிவிட்டு, வருஷத்திலேயே சிறந்த புல் இருக்கிற மாதங்களில் தங்கள் மாடுகளை உண்ணி மண்டிய, புல் சுமாரான மேட்டுக்காட்டுக்கு ஓட்டிப் போகிறார்கள். எந்த வனக்காவலரும் துப்பாக்கியோடு நின்று இதைச் செய்யவைக்கவில்லை. வில்டபீஸ்ட் வந்தால் மாடு வழிவிடும், அவ்வளவுதான். ஆங்கிலத் தொலைக்காட்சிகள் தலையில் வைத்துக் கொண்டாடும் அந்தப் 'பெரும் இடப்பெயர்ச்சி'க்கு இணையாக, அதற்கு எதிர்த் திசையில், ஒவ்வொரு வருஷமும் இன்னொரு இடப்பெயர்ச்சி நடக்கிறது. அதை யாரும் படமெடுப்பதில்லை.

வெக்கை

ஆதி நிலம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் கொடுமையான கதை. 1887இல் இத்தாலியப் படைக்கு உணவாக எரித்ரியாவின் மசாவா துறைமுகத்தில் மாடுகள் இறக்கப்பட்டன. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்றுதான் பெரும்பாலான வரலாறுகள் சொல்கின்றன. அவற்றோடு வெக்கை நோயும் இறங்கியது. நம் ஊர் பெரியவர்களுக்கு அந்தப் பெயரே வயிற்றைக் கலக்கும். காய்ச்சல், வாய்ப்புண், நாற்றமடிக்கும் கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் சாவு. இங்கே அது நூற்றாண்டுகளாக இருந்துவந்ததால் மாடுகளுக்குக் கொஞ்சமாவது எதிர்ப்பு இருந்தது. ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் இருந்த மாடுகள் அதை அதுவரை கண்டதில்லை. எத்தியோப்பியாவில் பெரும்பஞ்சம் வந்தது. 1890-91 வாக்கில் மாசாய் நிலத்துக்குள் நுழைந்தது. பத்து வருஷத்துக்குள் கண்டத்தின் தென்முனை வரை போய்விட்டது. பத்து மாட்டில் ஒன்பது செத்தது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. காட்டெருமைகள், வில்டபீஸ்ட்டுகள், ஒட்டகச்சிவிங்கிகள், இரட்டைக் குளம்புள்ள எல்லாமும் சேர்ந்து செத்தன.

மாட்டின் பாலையும் இரத்தத்தையும் நம்பி வாழ்ந்த மக்களுக்கு மாடு போனால் என்ன மிச்சம்? கூடவே பெரியம்மையும் வறட்சியும் வந்தன. 1892 மார்ச்சில் ஆஸ்கர் பவ்மான் என்ற ஆஸ்திரியப் பயணி ங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் வந்து நின்றார். அந்தப் பள்ளத்தைப் பார்த்து எழுதிவைத்த முதல் ஐரோப்பியர் அவர்தான். எரிமலை தன் மேலேயே இடிந்து விழுந்ததால் உண்டான, 600 மீட்டர் ஆழமும் சுமார் 260 சதுர கிலோமீட்டர் தரையும் கொண்ட மகா கிண்ணம் அது. இன்றைக்கு அந்த விளிம்பில் நிற்கும் எவருக்கும் பேச்சு வராது, எனக்கும் வரவில்லை. பவ்மானின் குறிப்புகளில் அந்த அழகோடு சேர்ந்து வருவது எலும்புக்கூடுகளாக நடமாடிய மாசாய்கள். தோலையும் எலும்பையும்கூட விடாமல் தின்ற பட்டினி.

பிறகு நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. மேய மாடில்லை, தீ வைத்துப் புதரை அழிக்க ஆளில்லை. புதர் மண்டியது. புதரில் செட்ஸி ஈ வந்தது. செட்ஸி கடித்தால் மனிதனுக்குத் தூக்க நோய், மாட்டுக்கு அதைப் போன்ற இன்னொரு நோய். எஞ்சியிருந்தவர்களும் அந்தப் பகுதிகளைவிட்டு விலகினார்கள். இதற்குள் ஜெர்மானியர்களும் அப்புறம் பிரிட்டிஷாரும் ஆட்சிக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் பார்த்தது வெறிச்சோடிய நிலம். வெறிச்சோடியது என்று தெரியாமல், எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று எடுத்துக்கொண்டு வேட்டைக் காப்பகங்களுக்குக் கோடு போட ஆரம்பித்தார்கள். கொள்ளைநோய் முடிந்த மறுநாள் ஒரு கிராமத்துக்குள் வந்து, பூட்டிய கதவுகளைப் பார்த்து, இங்கே யாரும் குடியிருந்ததே இல்லை என்று பத்திரம் எழுதியதுபோல.

மேய்ப்பர்கள் அந்த நிலத்துக்குப் புதியவர்களும் இல்லை. மாசாய்கள் இந்தப் பகுதிக்கு வந்து இரு நூறு ஆண்டுகள் சொச்சம்தான் என்பது உண்மை. அவர்களுக்கு முன் தாதோகா மக்கள், அவர்களுக்கும் முன் வேறு மேய்ப்பர்கள். எல்லைக்கு அப்பால் கென்யாவின் நாரோக் பகுதியில் தோண்டிப் பார்த்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆயிரத்தைந்நூறு முதல் மூவாயிரத்தெழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு மாடு அடைத்த பட்டிகள் இருந்த இடங்களில் இன்றைக்கும் மண் வளமாக இருக்கிறதாம். மூவாயிரம் வருஷத்துச் சாணம்! அந்தத் திட்டுகளில் புல் பச்சையாக முளைக்கிறது, காட்டு விலங்குகள் தேடி வந்து மேய்கின்றன, அவை மறுபடி அங்கேயே சாணம் போட்டு வளத்தைத் தக்கவைக்கின்றன. நாம் இயற்கையான புல்வெளி என்று படமெடுப்பதில் எத்தனை திட்டு பழைய மாட்டுப்பட்டியோ, யார் கண்டது?

1963

இனி, இந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்கிய இடத்துக்கு வருகிறேன். 1950களில் செரெங்கெட்டி தேசியப் பூங்காவுக்குள் மாசாய்கள் இருக்கலாமா என்று பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. பூங்கா அறிவிக்கப்பட்டது 1951இல், உள்ளே மக்களோடு சேர்த்துத்தான். ஃபிராங்க்ஃபர்ட் உயிரியல் பூங்காவின் தலைவர் பெர்ன்ஹார்ட் கிரிமெக்கும் அவர் மகன் மிகாயேலும் வரிக்குதிரை மாதிரிக் கோடு போட்ட சின்ன விமானத்தில் பறந்து 1958இல் விலங்குகளை எண்ணினார்கள். வில்டபீஸ்ட் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு என்று வந்தது. அது குறைவான கணக்கு என்று பிறகு தெரிந்தது. 1959 ஜனவரியில் விமானம் ஒரு கழுகில் மோதி மிகாயேல் இறந்தார், 24 வயது. தேசியப் பூங்கா என்றால் அதற்குள் மனிதர் யாரும், உள்ளூர்க்காரர்கூட, வாழக்கூடாது என்பது தந்தையின் உறுதியான நிலைப்பாடு. மகனைப் பறிகொடுத்தவரின் குரலுக்கு உலகம் முழுக்கக் காது கிடைத்தது. அதற்குள்ளாகவே, 1958 ஏப்ரலில், மாசாய் முதியவர்கள் சிலர் கையெழுத்திட்ட ஓர் உடன்படிக்கையின் பேரில் அவர்கள் செரெங்கெட்டியை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆகிவிட்டது. மோரு குன்றுகளில் பாறை மேல் அவர்கள் தீட்டிய கேடய ஓவியங்களை இப்போது வழிகாட்டிகள் காட்டுகிறார்கள். ஓவியம் இருக்கிறது, ஆட்கள் இல்லை. பதிலாக ங்கோரோங்கோரோ தனியாகப் பிரிக்கப்பட்டு, மனிதரும் மாடும் விலங்கும் சேர்ந்து வாழும் பகுதி என்று 1959இல் சட்டம் வந்தது. விலங்கின் நலனும் மனிதரின் நலனும் மோதினால் மனிதர் பக்கமே முதலில் என்று அன்றைய ஆளுநர் மாசாய்களிடம் பேசினார்.

மாட்டை வெளியேற்றினார்கள், வில்டபீஸ்ட் பெருகியது. 1961இல் சுமார் இரண்டரை லட்சம், 1977இல் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். பதினாறு வருஷத்தில் ஐந்து மடங்கு. பார்க்கிறவர்களுக்கு விடை கண்ணெதிரே இருந்தது: மாடு போனது, காடு பிழைத்தது. நானும் முதலில் இந்த இடம்வரை படித்துவிட்டு, சரி, வங்கி மேலாளர் சொன்னதில் நியாயம் இருக்கிறது போல என்று புத்தகத்தை மூடிவைத்தேன்.

அப்புறம்தான் இரத்தப் பரிசோதனைக் கதை கண்ணில் பட்டது. அந்நாளைய வனத்துறையினருக்கு 'ஒரு வயசு நோய்' என்று ஒன்று தெரியும். ஒவ்வொரு வருஷமும் வில்டபீஸ்ட் கன்றுகள் தாய்ப்பாலில் கிடைத்த பாதுகாப்பு தீர்கிற ஏழெட்டு மாத வயதில் கூட்டமாகச் செத்தன. அது வேறொன்றுமில்லை, வெக்கைதான். 1890களில் வந்தது போகவே இல்லை, வருஷா வருஷம் கன்றுகளை வாரிக்கொண்டிருந்தது. வில்டபீஸ்ட்டின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தில் முடங்கிக் கிடந்ததற்குக் காரணம் புல் பற்றாக்குறை அல்ல. நைரோபிக்கு அருகே முகுகா என்ற இடத்தில் வால்டர் பிளவ்ரைட் என்ற கால்நடை மருத்துவ விஞ்ஞானி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மேலே சொன்ன கன்றுகளின் மூக்குநீர்க் கிருமியைக் கண்டுபிடித்ததும் இவர் குழுதான். செரெங்கெட்டி வில்டபீஸ்ட்டுகளின் இரத்தத்தை எடுத்து, வெக்கைக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று வயது வாரியாகப் பார்த்தார்கள். வயதான விலங்குகளில் இருந்தது. 1963க்குப் பிறகு பிறந்தவற்றில் இல்லை. அதாவது அந்த வருஷத்தோடு காட்டில் வெக்கை நின்றுவிட்டது. காட்டு விலங்கு எதற்கும் யாரும் ஊசி போடவில்லை. போட முடியுமா என்ன? ஊசி போடப்பட்டது சுற்றுப்புறத்து மாடுகளுக்கு. ஐம்பதுகளிலிருந்து, மாசாய்கள் உட்படப் பூங்காவைச் சுற்றியிருந்த மேய்ப்பர்களின் மாடுகளுக்கு வருஷம்தோறும் தடுப்பூசி போட்டுவந்தார்கள். பிளவ்ரைட்டே கன்றின் சிறுநீரகச் செல்களில் கிருமியைத் தொண்ணூறு தடவை வளர்த்து வளர்த்துப் பலமிழக்கச் செய்து ஒரு தடுப்பூசி உருவாக்கினார். அதற்காக 1999இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அதுவரை பலரும் நினைத்திருந்தது நேர்மாறாக. நோய் காட்டு விலங்குகளிடம் குடியிருக்கிறது, அவைதான் மாட்டுக்குப் பரப்புகின்றன என்று சொல்லி ஆப்பிரிக்காவின் பல இடங்களில் அவற்றைச் சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். மாட்டில் நோய் நின்றதும் காட்டில் தானாகவே நின்றது. இப்போது நம் படங்களில் வந்து குவிகிற அந்தப் பிரம்மாண்டமான மந்தைகள் வேலி போட்டதால் வந்தவை அல்ல. எழுபதுகளில் கோடையிலும் மழை நன்றாகப் பெய்தது உதவியது, வேட்டைக் கட்டுப்பாடும் உதவியிருக்கும். ஆனால் கதவைத் திறந்தது மாட்டுக்குப் போட்ட ஊசி.

இதை என் சித்தப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் வட ஆற்காடு பக்கம் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ராணிப்பேட்டையிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் வெக்கை மருந்தை வைத்துக்கொண்டு சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர். மருந்து சூடேறினால் வீண், அதனால் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். மாட்டை ஓட்டி வராமல் ஒளித்துவைக்கும் ஆட்களைத் தேட வேண்டும், சினை மாட்டுக்குப் போட்டால் கன்று விழுந்துவிடும் என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும். இந்தியாவில் கடைசியாக வெக்கை பதிவானது 1995இல், தமிழ்நாட்டில். உலகத்திலேயே கடைசியாக 2001இல், கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில், காட்டெருமைகளிடம். 2011இல் நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். மனிதன் அறவே ஒழித்த நோய்கள் இரண்டுதான், பெரியம்மையும் வெக்கையும். சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏம்மா, அங்க ஊசி போட்டவன் பேரு தெரியுது. மாட்டைப் பிடிச்சுக் குடுத்தவன் பேரு எங்கயாவது போட்டிருக்கா?" என்றார். போடவில்லை. நூறு மாட்டை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்துவது எவ்வளவு வேலை என்று அவருக்குத்தான் தெரியும்.

நோயைக் கொண்டுவந்ததும் மாடுதானே என்று ஒருவர் கேட்கலாம். ஆமாம். ஆனால் அது ஒரு படையெடுப்பின் சமையலுக்கு வந்த மாடு. மாசாய்களின் மாடு அதில் முதலில் செத்தது. எழுபது வருஷம் கழித்து அதே மாசாய்களின் பிழைத்த மாடுகளின் கழுத்தில்தான் ஊசி இறங்கியது.

பெருகிய வில்டபீஸ்ட் சும்மா இருக்கவில்லை. அத்தனை வாய்கள் புல்லைக் கரம்பியதும் எரிய எதுவும் மிஞ்சவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் வருஷாவருஷம் செரெங்கெட்டியின் பெரும்பகுதி தீயில் கருகும். அது வெகுவாகக் குறைந்தது. தீ குறைந்ததும் வேலங்கன்றுகள் மரமாயின. வாட்ஸ்அப்பில் வந்த அந்தச் சூரிய அஸ்தமன மரங்களில் பல இந்தக் காலத்துக்குப் பிறகு தழைத்தவையாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. மாரா ஆற்றைக் கடக்கும்போது வருஷத்துக்குச் சராசரியாக ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள் மூழ்கிச் சாகின்றன. அந்தச் சடலங்கள் அழுகி, மீனுக்கும் கழுகுக்கும் முதலைக்கும் உணவாகி, எலும்பாக வருஷக்கணக்கில் கரைந்து ஆற்றையே ஊட்டி வளர்க்கின்றன என்று 2017இல் கணக்கிட்டிருக்கிறார்கள். நாங்கள் போன மாதத்தில் ஆறு கடப்பதெல்லாம் கிடையாது, அது ஜூலைக்கு மேல்.

யாருக்கு இடம்

இந்தக் கதையெல்லாம் பழசு என்று விட்டுவிட முடியாதபடி இன்றைக்கும் அங்கே அதே வழக்கு நடக்கிறது. ங்கோரோங்கோரோவில் கொடுத்த வாக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. 1974இல் பள்ளத்தின் தரையில் வாழ்ந்த கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அடுத்த வருஷம் பயிர் வைக்கத் தடை. 1992இல் அனுமதித்து, பிறகு மறுபடி தடை. 2022 ஜூனில் பக்கத்து லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரைப் பிரித்து எல்லைக் கல் நடப் போனபோது மோதல் வெடித்தது. ஒரு காவலர் இறந்தார், காயம்பட்டவர்கள் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள். அதே ஆண்டிலிருந்து ங்கோரோங்கோரோவில் இருப்பவர்களைச் சுமார் 600 கிலோமீட்டர் தள்ளி, ஹண்டேனி மாவட்டத்து ம்சோமேராவுக்கு அரசு குடிமாற்றி வருகிறது. தானாக முன்வருகிறவர்களைத்தான் அனுப்புகிறோம் என்கிறது அரசு. பள்ளியையும் மருத்துவமனையையும் கவனிக்காமல் விட்டு, போகவைக்கிறார்கள் என்கிறார்கள் மாசாய்கள். 2024 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கானோர் சுற்றுலா வண்டிகள் போகும் சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். நாங்கள் மாட்டுக்காக நின்ற அதே சாலைதான்.

அரசு சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1959இல் எட்டாயிரம் பேர் இருந்த இடத்தில் இன்று ஒரு லட்சம் சுமார். மாடும் ஆடும் அதற்கேற்பப் பெருகிவிட்டன. சில இடங்களில் புல் தேய்ந்து, எந்த விலங்கும் தொடாத களைகள் ஏறியிருப்பதை நாங்களே பார்த்தோம். மாடு வைத்திருப்பவர்கள் எல்லாம் ஞானிகள் என்று எழுதுவது இன்னொரு வகைச் சுற்றுலாக் கையேடு. மாசாய்க் குடியிருப்பு நாய்களையும் மறக்கக்கூடாது. 1994இல் சுற்றுப்புற நாய்களிடமிருந்து வந்ததாகக் கருதப்படும் டிஸ்டெம்பர் நோயில் செரெங்கெட்டியின் சிங்கங்களில் மூன்றில் ஒன்று, சுமார் ஆயிரம், செத்துப்போயின. அதற்கும் என்ன செய்தார்கள்? நாய்களுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். வெறிநோய் ஊசியும் சேர்த்துப் போட்டதில் பிழைத்தது சுற்றுப்புறக் கிராமத்துப் பிள்ளைகளும்கூட.

நான் மறுப்பது ஒன்றைத்தான்: மாடு அங்கே அந்நியம் என்பதை. வில்டபீஸ்ட்டுக்கு உண்மையில் எது ஆகாது என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். எல்லைக்கு வடக்கே கென்யாவின் லோய்தா சமவெளியில் ஒரு காலத்தில் ஒரு லட்சத்துக்குமேல் வில்டபீஸ்ட்டுகள் தனியாக வலசை போய்க்கொண்டிருந்தன. எழுபதுகளுக்குப் பிறகு அங்கே கோதுமைப் பண்ணைகள் வந்தன, அப்புறம் நிலம் தனித்தனிப் பட்டாவாகி வேலிகள் வந்தன. அந்தக் கூட்டம் நான்கில் ஒரு பங்குகூட இல்லாமல் போய்விட்டது. திறந்த வெளியில் மாடு மேய்ந்த காலம் முழுக்க அது தாக்குப்பிடித்தது. உழவும் கம்பி வேலியும் வந்த பிறகு தாக்குப்பிடிக்கவில்லை. வரிக்குதிரைக்கு நடுவில் மேய்ந்த அந்த மாடுகளை ஓட்டிவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும் என்று எப்படி நம்புகிறார்கள்? பள்ளத்தின் விளிம்பில் விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. நான் தங்கியதும் அப்படி ஒன்றில்தான், வெந்நீர் தாராளமாக வந்தது.

குழுவில் இதையெல்லாம் சுருக்கமாக எழுதிப் போட்டேன். வங்கி மேலாளர் சார் உடனே பதில் போட்டார்: "அப்ப அவங்களுக்கு ஏதாவது பங்கு வருதா?" நல்ல கேள்வி, கணக்கு பார்த்துப் பழகியவர் கேட்கிற கேள்வி. நுழைவுக் கட்டணத்தை வசூலிப்பது பாதுகாப்புப் பகுதியின் ஆணையம். மாசாய்களின் மேய்ப்பர் மன்றத்துக்கு அதிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போய்க்கொண்டிருந்தது. ம்சோமேராவுக்குப் போகிறவர்களுக்கு வீடும் நிலமும் கொடுக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே குடியிருந்தவர்கள் அது எங்கள் நிலம் என்று சண்டை போடுகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதி அனுப்பினேன்.